ஒரு சுரம் பிசகிய புது ஸ்டீல்பேன்: பொறுப்பதா, தட்டுவதா, அனுப்புவதா?

நுவரெலியாவின் ஏப்ரல் சீசனில் ஹோட்டல்களுக்குப் போய் மேசை மேசையாக நின்று பாடும் கலிப்சோ குழு எங்களுடையது. கிட்டார், கொங்கா, மரக்காஸ் என்று காலம் தள்ளிக்கொண்டிருந்த எங்களுக்கு, லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர் மூலம் புதிய டெனர் ஸ்டீல்பேன் ஒன்று கப்பலில் வந்து சேர்ந்தது. எண்ணெய்ப் பீப்பாயின் தகட்டில் சுரங்களைத் தட்டி எழுப்பி, ரப்பர் சுற்றிய குச்சியால் வாசிக்கும் வாத்தியம் அது; கரீபியத் தீவான டிரினிடாட்டில் பிறந்தது. டெனர் என்பது அதில் உயர்ந்த சுருதி வகை. எங்களுக்கு வந்தது குரோம் பூசிய அழகான பேன். ஆனால் வெளி வட்டத்தில் இருக்கும் எஃப் ஷார்ப் மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை. அடித்தால் ஒலி நேராக நிற்காமல் நெளிகிறது. கிட்டாரோடு சேர்ந்தால் பல் கூசுகிறது.

கிட்டாரின் நரம்பை மாற்றித் தர ஹட்டனில் ஆள் உண்டு. ஆர்மோனியத்தைப் பிரித்துப் பார்க்கக் கண்டியில் ஆள் உண்டு. ஸ்டீல்பேனுக்குச் சுருதி சேர்ப்பவர் என்று நாங்கள் விசாரித்த வட்டத்தில் யாரும் அகப்படவில்லை. ஆகவே மிஞ்சிய வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட வேண்டியதாயிற்று. இதே இக்கட்டில் இருக்கும் வேறு குழுக்களுக்கும், பள்ளிக்கூட இசைக்குழுக்களுக்கும், சபைப் பாடகர் குழுக்களுக்கும் இந்தக் கணக்கு உதவலாம்.

எந்த வழி என்று கேட்பதற்கு முன் எந்தக் குறை என்று கேட்க வேண்டும். ஸ்டீல்பேனில் ஒரு சுரம் என்பது ஒரே தகட்டில் லேசாக மேடாக எழுப்பப்பட்ட ஒரு திட்டு. அதற்குள் மூன்று ஒலிகள் சேர்ந்து குடியிருக்கின்றன: அடிப்படைச் ச, அதன் மேல் ச, பெரும்பாலான திட்டுகளில் அதற்கும் மேலே உள்ள ப. மேல் ச திட்டின் நீளவாட்டில், ப அகலவாட்டில் என்று சுத்தியலால் தனித்தனியே சேர்க்கப்படுபவை அவை. இப்படி உள்ளொலிகளையும் சுருதி சேர்க்கும் முறையை டிரினிடாட்டில் நிலைநிறுத்தியவர் பெர்ட்டி மார்ஷல். வட்டத்தில் சுரங்கள் உட்கார்ந்திருக்கும் ஒழுங்கு அன்தனி வில்லியம்ஸ் வகுத்தது: பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ச–ப உறவில் இருக்கும். எஃப் ஷார்ப்புக்கு ஒரு புறம் பி, மறுபுறம் சி ஷார்ப். நேர் உள்ளே, நடு வட்டத்தில், ஒரு ஸ்தாயி உயர்ந்த எஃப் ஷார்ப். வெளியே இருப்பதை அடித்தால் உள்ளே இருப்பதும் கூடவே அதிரும். உறவுக்காரர்களை அருகருகே வைத்ததால்தான் ஸ்டீல்பேனுக்கு அந்த மணியோசைக் கனிவு வருகிறது. அதே காரணத்தால்தான் ஒருவன் செய்த குற்றம் இன்னொருவன் தலையில் விழுகிறது.

எனவே அடித்த திட்டுதான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டக் கூடாது. சோதனை எளிது. உள்ளே இருக்கும் எஃப் ஷார்ப்பின் நடுவில் விரல் நுனியை மெதுவாக ஊன்றிக்கொண்டு, வெளியே இருப்பதை அடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் பேனில் விரல் பட்டதும் நெளிவு நின்றுவிட்டது. அதாவது வெளித் திட்டின் மேல் சவும் உள் திட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. யார் பக்கம் பிழை என்பதைக் கைத்தொலைபேசியில் இருக்கும் சுருதி காட்டும் செயலி சொல்லும். இதற்கு மென்மையாகத்தான் அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் ஸ்டீல்பேனின் சுருதி தொடக்கத்தில் ஓரிடத்தில் இருந்து பின் சறுக்கும். முதல் சத்தம் அடங்கிய பிறகு முள் நிற்கும் இடத்தையே எடுக்க வேண்டும். உள் திட்டு சரியாக இருந்தது. வெளித் திட்டு 370 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது, 367க்குப் பக்கத்தில் நின்றது. அரைச் சுர இடைவெளியை 100 சென்ட்டாகப் பிரிக்கும் கணக்கில் இது சுமார் 14 சென்ட் தாழ்வு. வேகமாக ஓடும் பாட்டில் ஐந்து சென்ட் வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். பதினான்கு, நீட்டிப் பிடிக்கும் இடத்தில் நன்றாகவே தெரியும்.

இதற்கும் முன்பாக மூன்று அப்பாவிகளை விசாரித்து விடுவித்துவிட வேண்டும். தாங்கியில் பேனைத் தொங்கவிடும் கயிறும் திருகாணிகளும் தளர்ந்திருந்தால் கிரீச்சென்று ஓர் இரைச்சல் சேரும். அது சுருதிப் பிழை அல்ல. குச்சியின் ரப்பர் மெலிந்திருந்தால் அடிப்படை ஒலி அமுங்கி மேலொலிகள் மட்டும் கணீரிடும். அப்போது சைக்கிள் டியூப் ரப்பரை இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம். அடுத்தது அடிக்கும் இடம்: திட்டின் ஓரத்தில் பட்டால் எந்தப் பேனும் அழும். இவை மூன்றும் காசில்லாத வேலை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

குளிரையும் சிலர் குற்றம் சொல்வார்கள். சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் வாத்தியத்தைத் தொட்டாலே சில்லென்று இருக்கும். வெப்பமான பட்டறையில் சுருதி சேர்த்த பேன் இங்கே வந்தால் மாறத்தான் செய்யும். ஆனால் எஃகு குளிர்ந்தால் சுருதி ஏறும், சூடானால் இறங்கும். மாற்றமும் ஏறக்குறைய எல்லாத் திட்டுகளுக்கும் சேர்ந்தே வரும். குளிரிலும் ஒரே ஒரு திட்டு மட்டும் தாழ்ந்து நிற்கிறதென்றால் பழியைப் பனி மேல் போட முடியாது. ஹோட்டல் கூடத்தில் கணப்பை மூட்டினால் அது இன்னும் கொஞ்சம் இறங்கத்தான் போகிறது.

குறை உறுதியான பிறகு வருவதுதான் தெரிவு.

முதலாவது, பொறுத்திருப்பது. "புதுசு தானே, வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும்" என்று சொல்லாதவர் கிடையாது. பாதி உண்மை இதில் இருக்கிறது. சுத்தியலால் அடித்து உருவாக்கிய தகட்டில் உள்ளிறுக்கம் மிச்சமிருக்கும், முதல் சில மாதங்கள் வாசிக்கையில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், சுருதியும் அசையும். ஆனால் அந்த அசைவு நமக்கு வேண்டிய திசையில்தான் நடக்கும் என்று யார் சொன்னது? பிசகிய திட்டு தானாக ஏறிச் சரியான இடத்தில் நிற்பதை நம்புவது லொத்தர் சீட்டை நம்பி வீடு கட்டுவது. காத்திருப்பதால் ஒரே ஒரு லாபம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, நெருப்பு. சிரிக்க வேண்டாம், இந்த யோசனையைச் சொன்னவர் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்குத் தப்படிக்கும் பெரியவர், கை தேர்ந்த கலைஞர். தப்பு ஈரம் குடித்துத் தொய்ந்தால் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்திக் காட்டுவார்கள். தோல் காய்ந்து இறுகும், ஒலி ஏறும். "இதையும் கொஞ்சம் வாட்டிப் பார் தம்பி" என்றார். தோலுக்குப் பொருந்தும் வைத்தியம் எஃகுக்கு நேர் எதிராக வேலை செய்யும். பேனைச் செய்யும்போதே ஒரு முறை தீயில் காட்டிப் பதப்படுத்தியிருப்பார்கள். சுருதி சேர்த்த பிறகு மறுபடி நெருப்பில் காட்டினால் அந்த உழைப்பெல்லாம் போகும், குரோமும் நிறம் மாறும். தப்புக்கும் இந்த வாத்தியத்துக்கும் ஒரு பந்தம் இருப்பதென்னவோ உண்மை. டிரினிடாட்டில் ஆங்கிலேய ஆட்சி 1880களில் தோல் மேளங்களை ஒடுக்கியது. அதனால் மூங்கிலைத் தட்டிப் பிறகு பிஸ்கட் டின்னைத் தட்டி, 1930களிலும் 1940களிலும் எண்ணெய்ப் பீப்பாய்க்கு வந்து சேர்ந்தவர்கள் அந்தத் தீவின் மேளக்காரர்கள். இதைச் சொன்னதும் பெரியவர் பேனை வாங்கித் தடவிப் பார்த்தார். நெருப்பைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

மூன்றாவது, கராஜ். வேன் கதவின் நசுங்கலை எடுக்கும் டிங்கரிங் பாஸ் ஒருவர் ஒவ்வொரு நகரத்திலும் இருக்கிறார். சுத்தியல் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர்தான். அவருக்கு வேண்டியது வடிவம். கண்ணால் பார்த்துக் கையால் தடவி மேடு பள்ளம் சரி செய்தால் அவர் வேலை முடிந்தது. இங்கே வடிவம் சரியாகத்தான் இருக்கிறது. பிழை கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது. கோட்பாட்டளவில் பார்த்தால் வைத்தியம் ஒரு வரிதான்: கீழிருந்து மேலே தட்டித் திட்டை உயர்த்தினால் சுருதி ஏறும், மேலிருந்து தட்டி அமர்த்தினால் இறங்கும். ஆனால் அந்த ஒரு தட்டு அடிப்படைச் ச, மேல் ச, ப மூன்றையும் மூன்று அளவில் நகர்த்தும். பக்கத்தில் இருக்கும் பியும் சி ஷார்ப்பும் சும்மா இருக்காது. ஒன்றைச் சரி செய்யப் போய் நான்கைக் கெடுத்து, அந்த நான்கைச் சரி செய்யப் போய்த் தகட்டை நீட்டிவிட்டால், பிறகு தேர்ந்த கைக்கும் அது கடினம். குரோம் வெடித்து உரிந்தால் மலைநாட்டின் ஈரப்பனியில் துரு பிடிக்க நாளாகாது. செய்தவர் தந்த உத்தரவாதமும் அந்த முதல் அடியோடு முடிந்தது.

இணையக் காணொளியைப் பார்த்து நாமே தட்டுவது இதன் தம்பி. ஸ்டீல்பேன் முன்னோடிகளில் ஒருவரான எல்லி மானட் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இந்தக் கைத்தொழிலை வருடக்கணக்கில் கற்பித்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கற்றுக்கொள்ள ஆசை இருப்பவர் பழைய பீப்பாய் ஒன்றை வாங்கி அதில் தொடங்கட்டும்.

நான்காவது, காந்தம். இது மோசமான யோசனை அல்ல. எங்களுக்குப் பொருந்தாத யோசனை. சிறிய காந்தத்தைத் திட்டில் ஒட்ட வைத்தால் அந்த இடத்தின் எடை கூடுகிறது, சுருதி இறங்குகிறது. சுவரில் படம் ஒட்டும் பசைக் களிமண்ணில் ஒரு பட்டாணி அளவு எடுத்து அடிப்பக்கம் ஒட்டினாலும் அதே விளைவுதான். சுருதி ஏறிப்போன திட்டுக்கு இது நல்ல முதலுதவி: கொஞ்சம் நீடிப்பொலி குறையும், ஆனால் மேடையைக் காப்பாற்றிவிடும், எடுத்தால் பழையபடி இருக்கும். குரோமில் கீறல் விழாமல் இருக்க நடுவில் மெல்லிய துணியோ டேப்போ வைக்க வேண்டும். தாழ்ந்த திட்டை ஏற்ற இந்த வழியில் இடமே இல்லை. உள் திட்டில் காந்தத்தை வைத்து நெளிவை மட்டும் அடக்கலாம். செய்து பார்த்தோம், நெளிவு போய்த் தாழ்வு தனியாக நின்றது. நெளிவோடு கேட்டபோதாவது ஏதோ அலங்காரம் என்று நினைக்க வழியிருந்தது.

ஐந்தாவது, அந்தச் சுரத்தைத் தொடாமல் வாசிப்பது. இதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இது வெட்கமில்லாத, காசில்லாத, நல்ல வழி. ஜி, டி, ஏ, ஈ மேஜர்களில் எஃப் ஷார்ப் தவிர்க்க முடியாதது. கிட்டார்க்காரர்கள் எல்லாம் அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். சி, எஃப், பி ஃபிளாட் மேஜர்களில் அந்தச் சுரமே கிடையாது. ஜியில் பாடிய பாட்டை எஃபுக்கு இறக்கினால் ஒரு முழுச் சுரம்தான் கீழே வருகிறது. கிட்டாரில் மூன்றாம் கட்டையில் காப்போவை (நரம்புகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை)ப் போட்டு டி வடிவங்களைப் பிடித்தால் போதும். எங்கள் பாடகர் அண்ணன் சி பிடித்தால்தான் குரல் எடுபடும், எஃப் என்றால் அடிக்குரல் உலர்கிறது என்று முணுமுணுத்தார். சில பாட்டுகளை சி மேஜருக்கு ஏற்றிக் கொடுத்ததும் சமாதானமானார். எங்காவது எஃப் ஷார்ப் குறுக்கே வந்தே தீரும் என்றால் ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் நல்ல எஃப் ஷார்ப்பைத் தொட்டுவிட்டு வரலாம். பைலாத் துள்ளலில் யாருக்கும் அது தெரியாது. இந்த வழிக்கு ஒரு விலை உண்டு: பிசகிய சுரம் சி ஆகவோ ஜி ஆகவோ இருந்தால் ஒதுக்கி வைக்க முடியாது, பாதிப் பாட்டுகள் போய்விடும். தேவாலயக் குழுக்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பாட்டின் கட்டை ஏற்கெனவே அச்சடித்த தாளில் இருப்பதால் இன்னும் சிரமம்.

ஆறாவது, திருப்பி அனுப்பி வேறு பேன் கேட்பது. காசு கொடுத்தவனுக்கு இதுதான் நியாயம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயம் வேறு முகம் காட்டுகிறது. பேனின் விட்டம் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். பெட்டியோடு 62க்கு 62க்கு 28 என்று வைத்துக்கொள்வோம். விமானக் கூரியர் நிறுவனங்கள் கன சென்டிமீட்டரை 5,000ஆல் வகுத்துக் கன எடை போடுகின்றன; அப்படிப் பார்த்தால் 21.5 கிலோவுக்குக் கட்டணம். உண்மை எடை அதைவிடக் குறைவு. ஆனால் எது கூடுதலோ அதற்குத்தான் பில். இது ஒரு வழிக்கு. திரும்பி வரும்போது சுங்கம். திருத்தத்துக்காகத்தான் போகிறது என்று அனுப்பும்போதே பதிவு செய்யாவிட்டால் புதுப் பொருளாகவே எடுத்துக்கொண்டு வரி கேட்கக்கூடும். எல்லாம் சரியாக முடிந்தாலும், மாற்றாக வரும் பேனும் அதே கடலையும் அதே பாரம் தூக்கிகளையும், கினிகத்தேனை வளைவுகளில் அதே வேன் குலுக்கலையும் தாண்டித்தான் வர வேண்டும். இந்தத் தடவை எஃப் ஷார்ப் என்றால் அடுத்த தடவை ஏ ஃபிளாட் ஆகலாம். பல திட்டுகள் ஒன்றாகப் பிசகியிருந்தாலோ, தகட்டில் விரிசல் இருந்தாலோ, ஒரு திட்டு ஒலியே இல்லாமல் தகரம்போல் தட்டுப்பட்டாலோ இந்த வழிதான் சரி. அப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஒற்றைத் திட்டுக்கு இது பெருஞ்செலவு.

ஏழாவது, சுருதி சேர்ப்பவரிடம் கொண்டுபோவது. லண்டனில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. கரீபிய மக்களின் நாட்டிங் ஹில் திருவிழாவுக்கு அத்தனை குழுக்கள் இருக்கும் ஊர் அது. ஆனால் நமக்குப் பக்கத்தில் இந்தியா இருக்கிறது. அங்கே, கையால் தட்டி வாசிக்கும் எஃகு வாத்தியமான ஹேண்ட்பேன் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஹேண்ட்பேனின் மூத்த வாத்தியமான ஹாங், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 2000ஆம் ஆண்டு ஸ்டீல்பேன் செய்தவர்களின் கையில்தான் பிறந்தது. தொழிலின் அடிப்படை ஒன்று. தகடும் வளைவும் வேறு என்பதால், ஸ்டீல்பேனில் கைவைத்த பழக்கம் உண்டா, குரோம் பூசிய பேனைத் தொடுவாரா என்று இரண்டு கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மழுப்பினால் விட்டுவிட வேண்டும்.

காத்திருப்பதன் லாபம் இங்கேதான் வருகிறது. புதுப் பேனுக்கு முதலாவது மறுசுருதி எப்படியும் தேவைப்படும். இப்போதே எஃப் ஷார்ப்புக்காக ஒரு பயணம் போய், பிறகு உள்ளிறுக்கம் தளர்ந்து வேறு நான்கு திட்டுகள் நகர்ந்ததும் இன்னொரு பயணம் போவது வீண். சில மாதங்கள் நன்றாக வாசித்து, நகர வேண்டியதெல்லாம் நகர்ந்த பிறகு ஒரே தடவையில் முழுப் பேனையும் சரிபார்க்கச் சொல்வதே புத்திசாலித்தனம். சுருதி சேர்ப்பவரும் ஒரு திட்டைத் தொட்டால் அக்கம்பக்கத்தையும் பார்த்தே ஆக வேண்டும். ஒன்றுக்கு ஒரு கூலி, முழுவதற்கு ஒரு கூலி என்று பெரிய வித்தியாசம் இருக்காது.

ஆனால் புகார் மட்டும் காத்திருக்கக் கூடாது. பயணம் பிறகு, கடிதம் இன்றே. மாதக்கணக்கில் வாசித்துவிட்டுப் போய்ச் சொன்னால், அடித்துக் கெடுத்தது நீங்கள்தான் என்பார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன். எழுதும் கடிதத்தில் கோபம் தேவையில்லை, ஆதாரம் தேவை. நாங்கள் அனுப்பிய காணொளியில் முதலில் நல்ல சுரம் ஒன்றை அடித்துச் செயலியின் முள் சரியாக நிற்பதைக் காட்டினோம். செயலி மேல் சந்தேகம் வரக் கூடாது அல்லவா? பிறகு வெளி எஃப் ஷார்ப், உள் எஃப் ஷார்ப், விரல் வைத்து வெளி எஃப் ஷார்ப். ஒவ்வொன்றும் மென்மையாக, மும்மூன்று தட்டு. கூடவே பிரிக்காத நிலையில் எடுத்த பெட்டியின் படங்கள். மூலையில் நசுங்கல் இருந்தால் அது பொதி நிறுவனத்தின் காப்புறுதிக்குப் போகும் விடயம். இல்லையென்றால் செய்தவரின் பொறுப்பு. கேட்டது ஒன்றே ஒன்று: மாற்றுப் பேன் வேண்டாம், இங்கே பக்கத்தில் செய்யும் மறுசுருதிக்கான கூலியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக் கேட்டால் செய்தவருக்கும் இலகு. கப்பல் கூலியோடு ஒப்பிட்டால் அவருக்கு அது சில்லறை. எங்களுக்கு வந்த பதில், கூலியில் பாதியைத் தருவதாகவும் யார் செய்கிறார் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. முழுவதும் கேட்டு இன்னொரு கடிதம் போட்டிருக்கிறோம். பாதியே கிடைத்தாலும் ஒப்புக்கொள்வதாக எங்களுக்குள் முடிவு.

ஆகவே இந்த ஏப்ரலில் எஃபிலும் சியிலும் பாடுகிறோம். சீசன் முடிந்ததும் சென்னைக்குப் போகும் ஒருவருடைய பயணப் பொதியாகப் பேன் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 152 சென்டிமீட்டர். பல விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் 158 என்ற வரம்புக்குள் அடங்குகிறது, கூரியர் கன எடையும் கிடையாது. பெட்டிக்குள் பேனின் முகத்தில் எதுவும் அழுத்தாதபடி நடுவில் வெற்றிடம் விட்டு, விளிம்பைச் சுற்றி மட்டும் பஞ்சு அடைக்க வேண்டும். புறப்படும் முன் கட்டுநாயக்கவில் சுங்கத்திடம் காட்டி, வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதியோடு ஒரு குறிப்பு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.